கொழும்பு – திருச்சி: ஒன்றே முக்கால் மணி

1

கிட்ட வாங்க கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. அடுப்புப் புகை கண்ணைக் கரிச்சா முகத்தைத் திருப்பிக்குங்க, எழுந்து மட்டும் போயிடாதீங்க. இன்றைக்கு உங்களுக்கு ஒரு விமானக் கதை சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். வாக்குத் தவற மாட்டேன். ஆனால் எங்கள் ஆள் ஒருவரும் அந்த விமானத்தில் ஏறப்போவதில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் 'ஏமாத்திட்டா கெழவி' என்று என்னை ஏசக் கூடாது.

இந்தக் கதை எனக்கு நாலு விரற்கடை தையல் நூலிலிருந்து வந்தது. ஹட்டன் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு தேசப்படம் தொங்கும். ஐம்பத்தேழாம் வருஷம் சித்திரையில், அந்தப் படத்தில் கொழும்பு மேல் நூலின் ஒரு முனையும் திருச்சி மேல் மறு முனையும் வைத்துப் பிடித்தார்கள். திருச்சி முனையைப் பிடித்திருந்தது என் விரல். எட்டு வருஷமாக அந்த விரலால்தான் இதை எழுதப் பார்க்கிறேன். கடையில் சீனி சுத்தி வந்த தாளில் எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். எனக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தவர் யாருமில்லை. அதனால் அடித்ததையும் அழித்ததையும் ஒளித்துவைக்கத் தெரியாது. எல்லாம் இங்கேயே கிடக்கும். பார்த்து மிதித்து வாங்க.

முதல் வாக்கியத்தை நாலு விதமாக எழுதினேன்.

"திருச்சியில் விமானத்தை விட்டு இறங்கிய கந்தப்பன், கோடிச் சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு—" (இறங்கவில்லை. பொய்.)

"வானத்தில் ஒரு வெள்ளிப் பறவை—" (சீ.)

"வேலாயி செத்தது செவ்வாய்க்கிழமை விடியக்காலை." (உண்மைதான். ஆனால் சாவு எல்லார் வீட்டிலும் வருகிறது. அதற்கு நான் எதற்கு?)

"ஒன்றே முக்கால் மணி." (இது இருக்கட்டும்.)

2

கந்தப்பனைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நாலாம் காம்பிரா. கவ்வாத்து வெட்டுகிற ஆள். தேயிலைச் செடியை வெட்டுகிற மாதிரியே பேச்சையும் வெட்டி வெட்டித்தான் பேசுவான். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன், 'அக்கா' என்பான். பெண்சாதி பேச்சியம்மா, அவனுக்கும் சேர்த்துப் பேசுவாள்.

அவனுக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்திதான், வேலாயி. அப்பனும் ஆத்தாளும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் போனபிறகு, அவளை அவன்தான் வளர்த்தான். எங்கள் தோட்டத்தில் வேலை செய்த செல்லசாமி என்பவனுக்குக் கட்டிக் கொடுத்தான். செல்லசாமி நாற்பதாம் வருஷம் ஊர் திரும்பினான், முசிறிப் பக்கம். அவளும் போனாள். தலைமன்னாரில் கப்பல் ஏற்றிவிட்டு வந்த கந்தப்பன் அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவில்லை.

இனி கோடியைச் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் பொறுத்துக்குங்க, தெரியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். எங்கள் ஆட்களில் ஒரு பெண் செத்தால் அவளுக்குக் கடைசிச் சேலை பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். அண்ணனோ தம்பியோ புதுச் சேலை கொண்டுவந்து மேலே போர்த்தினால்தான் எடுப்பார்கள். கூடப்பிறந்தவன் தூரத்தில் இருந்தால் பங்காளி ஒருவன் அவன் பேரைச் சொல்லிப் போர்த்தலாம், குற்றமில்லை. ஆனால் கூடப்பிறந்தவன் 'நான் வாறேன், எடுக்காதீங்க' என்று சொல்லி அனுப்பிவிட்டால் வேறு யாரும் போர்த்தக் கூடாது. வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்தக் கடைசி இரண்டு வரியை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன். மறந்தேனா, நினைத்தே செய்தேனா? அது பின்னால்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆபீஸ் ஆள் தந்தியோடு மலைக்கே வந்தான். வேலாயி காலமானாள், உடனே வரவும். அவ்வளவுதான். கந்தப்பன் கவ்வாத்துக் கத்தியைச் செடியிலேயே கொத்தி நிறுத்திவிட்டு இறங்கினான்.

3

எங்கள் மலைகளில் தூரத்தை மைலில் சொல்வதில்லை. லயத்திலிருந்து ஹட்டனுக்கு இரண்டு வெற்றிலை மெல்லும் தூரம். கொத்மலைக்கு ஒரு பொழுது. உடப்புசல்லாவைக்கு ஒரு பொழுதும் ஒரு கட்டுச்சோறும். முசிறிக்கு? 'சீமைக்கு' என்று சொல்லிக் கையை வடக்கே நீட்டிவிடுவோம், அதற்கு அளவே இல்லை. ரயிலும் கப்பலும் ரயிலுமாக இரண்டு நாளாவது ஆகும். சித்திரை வெயிலில் பிணம் இரண்டு நாள் கிடக்காது என்று எல்லாருக்கும் தெரியும்.

அப்போதுதான் துரைராசா மாஸ்டர் வருகிறார். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரே வாத்தியார். அவரை நான் இப்படி எழுதியிருந்தேன்:

"குடையைச் சுழற்றிக்கொண்டே வந்த மாஸ்டர், லயத்துச் சனங்களைப் பார்த்து ஏளனமாகச் சிரித்தார். 'ரெண்டு நாளோ? ஆகாயத்தால போனா ஒண்டே முக்கால் மணித்தியாலம்!' என்றார். தானே ஒரு தாளை எடுத்துத் தந்தியையும் எழுதிக் கொடுத்தார்."

நல்லா இருக்கிறதல்லவா? வாசிக்கிறவர்களுக்கு ஒரு ஆள் மேல் கோபம் வர வேண்டுமே. நாலைந்து வருஷம் இப்படியே வைத்திருந்தேன். பிறகு எனக்கே இந்த மாஸ்டர் மேல் சந்தேகம் வந்தது. துரைராசா மாஸ்டரிடம் குடையே கிடையாது. மழைக்குச் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு எங்களைப் போலத்தான் நடப்பார்.

நடந்தது இது. நாங்கள்தான் அவரைத் தேடிப் போனோம். அவர் படத்தைக் கழற்றி மேசையில் விரித்தார்.

"மீனம்மா, இந்த முனையை இஞ்ச பிடி. ஆடாத." நூலை அளவுகோலில் வைத்துப் பார்த்தார். "இருநூற்றி எண்பது மைல் மட்டில வருது. பிளேன் மணிக்கு நூற்றி அறுபது மைல் ஓடுமாம். ஒண்டே முக்கால் மணித்தியாலம். நான் ஊருக்குப் போறதெண்டா இதுபோல பத்து மடங்கு நேரம் ரயிலுக்குள்ள குந்தியிருக்க வேணும்."

வாசலில் நின்ற மூக்கன் வாயில் கையை வைத்தான். மூக்கன் எங்கள் தோட்டத்தில் கேதம் சொல்லப் போகிறவன். சாவு விழுந்தால் தோட்டம் தோட்டமாக நடந்து உறவுக்காரர்களுக்குச் சேதி சொல்வது அவன் வேலை.

"அடேயப்பா! நான் உடப்புசல்லாவைக்குக் கேதம் சொல்லிட்டு வர ரெண்டு நாளு. கந்தப்பன் கடலத் தாண்டி, கோடி போட்டு, தல முழுகிட்டு, நான் பாலம் தாண்டறதுக்குள்ள வந்து நிப்பான் போலருக்கே. இனி என் பொழப்புல மண்ணுதான்."

"சாவு வீட்டுல ஒனக்குப் பொழப்புதான் பெருசா, நாசமாப் போறவனே," என்று பேச்சியம்மா கத்தினாள். ஆனால் அவளும் அழுகையை நிறுத்திவிட்டு அந்த நூலையே பார்த்தாள். நாலு விரற்கடை.

(டிக்கெட்டுக்குக் காசு எப்படிச் சேர்ந்தது என்று கேட்பீர்கள். சேர்ந்தது. முழு லயமும் கை கொடுத்தது. அதை எழுதினால் இது நல்லவர்களைப் பற்றிய கதையாகிவிடும்.)

காகிதம்? காகிதமும் இருந்தது. கந்தப்பன் தோட்டத்துத் துரையிடம் ஓடிப்போய் ஒரு சீட்டு வாங்கி வந்தான். ஆஸ்பத்திரிக்குத் துரை சீட்டு, ரயிலுக்குத் துரை சீட்டு, வேறு தோட்டத்துக்குக் கலியாணத்துக்குப் போகத் துரை சீட்டு. துரை கையெழுத்துப் போட்டால் உலகத்தில் எந்தக் கேட்டும் திறக்கும் என்றுதான் எங்கள் ஆட்கள் அன்றைக்கு நம்பியிருந்தார்கள். பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டு ஆறு வருஷமாகப் பதில் வராத ஆட்கள் நாங்கள். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆளுக்குத் துரை சீட்டு தோட்டத்துக் கேட் வரைக்கும்தான் செல்லும் என்று யோசிக்க யாருக்குமே தோன்றவில்லை.

மத்தியான ரயிலுக்குக் கந்தப்பன் ஹட்டனில் ஏறினான். அதற்கு முன் கடைத்தெருவில் சேலை வாங்கினான், அரக்குச் சிவப்பு. தந்தியும் போனது.

4

புதன்கிழமை. இந்தப் பகுதியை மட்டும் நான் ஒரே மூச்சில் எழுதினேன். ஒரு அடித்தலும் இல்லை. அதனால்தான் இதைப் பார்த்தாலே தாளைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

விமானம் காலை ஒன்பது மணிக்கு என்று மாஸ்டர் விசாரித்துச் சொல்லியிருந்தார். ஒன்பதோடு ஒன்றே முக்கால், பத்தே முக்கால். திருச்சியிலிருந்து முசிறிக்குப் பஸ். இறங்கி நடக்க. எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டரைக்குக் கோடி விழும் என்று லயமே கணக்குப் போட்டிருந்தது.

அன்றைக்கு நாங்கள் மேல்மலையில் கொழுந்து எடுத்தோம். காலையில் ஒரு தடவை எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். வெறும் மேகம். ஹட்டன் மேலே விமானம் எதற்குப் போகிறது? இருந்தாலும் பார்த்தோம்.

"இந்நேரம் கடலு மேல," என்றாள் ஒருத்தி.

"குனிஞ்சு பாத்திருப்பானா?"

"கந்தப்பனா? கண்ண இறுக்க மூடிக்கிட்டு முருகா முருகான்னு இருப்பான்."

சிரித்தோம். பேச்சியம்மாவும் கொஞ்சம் சிரித்தாள். மகிழ்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்களில் ஒருவன் ஆகாயத்தில் போகிறான் என்பது எல்லார் முதுகையும் கொஞ்சம் நிமிர்த்தியிருந்தது. கூடை கனக்கவில்லை.

மத்தியானக் கொழுந்து நிறுத்து முடிந்தும் யாரும் சாப்பிட இறங்கவில்லை. கணக்கப்பிள்ளையின் கையில் கடிகாரம். மூக்கன் அவர் பக்கத்தில் நின்றுகொண்டு அந்தக் கையை விடவில்லை.

"இருபத்தஞ்சு... இருபத்தெட்டு... பன்னெண்டரை! போட்டுட்டான்!"

பேச்சியம்மா வடக்கே பார்த்துத் திரும்பி மார்பில் அடித்துக்கொண்டாள். அவளைச் சுற்றி நாற்பது பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தோம். நானும்தான். அண்ணன் சேலை மேலே விழுந்த நிமிஷத்துக்கு, இருநூற்றெண்பது மைலுக்கு இந்தப் பக்கம் நின்று, நிமிஷம் தவறாமல் அழுதோம். பிறகு முகம் கழுவிச் சாப்பிட்டோம். கடமை முடிந்த ஆட்களுக்கு வருகிற பசி இருக்கிறதே, அந்தப் பசி.

அந்தப் பன்னிரண்டரைக்குக் கந்தப்பன் கொழும்பில் ஒரு ஆபீஸ் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தான். சேலைப் பொட்டணம் மடியில்.

5

வெள்ளிக்கிழமை காலை அவன் லயத்துக்கு ஏறி வந்தபோது பேச்சியம்மா குடத்தில் தண்ணீரோடு வாசலுக்கு ஓடினாள். சாவு வீட்டுக்குப் போய் வந்தவன் தலையில் ஊற்றத்தான்.

"ஊத்தாத," என்றான். "நான் போகல."

அன்றைக்குத்தான் அவன் வாழ்நாளில் அதிகமாகப் பேசினது. அவன் சொன்னதை அவன் வாயாலேயே விடுகிறேன்.

"டிக்கெட் குடுத்தவன் பேரத்தான்க்கா கேட்டான். அதுக்கடுத்த மேசதான் காயிதம் கேட்டுச்சு. துரை சீட்டக் குடுத்தேன். படிச்சான். கெட்டவன் இல்ல, மரியாதயா மடிச்சுத் திருப்பிக் குடுத்தான். நீ எந்த நாட்டு ஆளுன்னான். ஹட்டன்னேன். அது நாடு இல்லப்பான்னான். தங்கச்சி செத்துட்டான்னேன். சேலயக் காட்டினேன். ஓரமா நில்லுன்னான். கம்பி வேலிக்கு இந்தாண்ட நின்னேன். ஏணி வச்சிருந்தாங்க, நம்ம மரம் கழிக்கிற ஏணியாட்டம்தான் இருந்துச்சு. எல்லாரும் ஏறினாங்க. ஏணிய எடுத்துட்டாங்க. போயிருச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு ஆபீசு. அங்கருந்து இன்னொரு ஆபீசு. படம் புடிச்சு மூணு குடுக்கணுமாம். மனு நம்பர் வேணுமாம். நாளக்கி வான்னாங்க. வியாழக்கெழமயும் போனேன். ஆறு கெழம ஆகும்னாங்க."

"அங்க ஊருக்கு ஒரு தந்தி அடிச்சிருக்கலாமே கந்தப்பா. வரலேன்னு."

"நாளக்கி வான்னு சொன்னாங்களேக்கா. நாளக்கிக் கெடச்சிரும்னு..."

மாஸ்டர் வந்தார். வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் முதல் ஆறு பிரதிகளில் எழுதவில்லை.

6

இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

அந்தத் தந்தியை மாஸ்டர் எழுதவில்லை. இங்கிலீஷில் மாற்றிக் கொடுத்தது மட்டும் அவர். சொல் என்னுடையது.

அவர் கேட்டார்: "சேதி கிடைச்சுது, வர முயற்சி செய்யிறன் எண்டு போடுவமே?"

நான் சொன்னேன்: "முயற்சியா மாஸ்டர்? கூடப்பொறந்தவளுக்குக் கோடி போட முயற்சி பண்றேன்னு எந்த அண்ணனாச்சும் சொல்வானா? 'எடுக்க வேண்டாம், ப்ளேனில் வருகிறேன்'னு போடுங்க."

"போய்ச் சேரேலாமல் போனா?"

"ஒண்ணே முக்கா மணின்னு நீங்கதானே அளந்தீங்க?"

"அது பிளேனுக்கு, மீனம்மா. இந்த மனுசனுக்கு எவ்வளவு எண்டு எனக்குத் தெரியாது."

கந்தப்பனைப் பார்த்தோம். "அக்கா சொல்ற மாதிரியே எழுதுங்க," என்றான்.

ஏன் அப்படி எழுதச் சொன்னேன்? வழக்கம் தெரியாமலா? நாற்பது சாவு பார்த்தவள் நான். அங்கே உள்ளவர்களுக்கு நாங்கள் 'கண்டிக்காரங்க'. காடு வெட்டப் போய்க் காணாமல் போனதுகள். வேலாயியையே அந்த ஊரில் கண்டிக்காரி என்றுதான் கூப்பிட்டார்களாம். அந்த ஊர் முழுக்கக் கேட்கட்டும், கண்டிக்காரி வீட்டு ஆள் ஆகாயத்தில் வருகிறான் என்று— அதுதான். வேறொன்றும் இல்லை. 'ப்ளேனில்' என்ற ஒரு சொல்லை எழுத வேண்டும் என்ற ஆசை. எழுதத் தெரிந்த கொழுப்பு.

இருபது நாள் கழித்துச் செல்லசாமியிடமிருந்து கடுதாசி வந்தது. லயத்துக்கு வரும் கடுதாசியெல்லாம் நான்தான் வாசிப்பேன். கந்தப்பன் எதிரே உட்கார்ந்தான், பேச்சியம்மா என் தோளுக்குப் பின்னால் நின்றாள். நான் முதலில் மனசுக்குள் வாசித்தேன்:

"மச்சானுக்கு. தந்தியை ஊரில் எல்லாருக்கும் காட்டினேன். புதன்கிழமை ரோட்டு முனையில் ஆள் நிறுத்திக் காத்திருந்தோம். வியாழனும் காத்திருந்தோம். வேப்பிலையும் மணலும் போட்டு வைத்திருந்தோம். சித்திரை வெயில் உங்களுக்கு மறந்திருக்கும். வியாழன் சாயங்காலம் இராமையா, 'பங்காளி நான் போடுகிறேன்' என்று சேலையோடு வந்தான். அண்ணன் எடுக்க வேண்டாம் என்று தந்தி கொடுத்திருக்கையில் நீ எப்படிப் போடலாம் என்று பெரியவர்கள் விடவில்லை. வெள்ளி விடியலில் ஊர் தாங்காமல் எடுத்தோம். முகத்தை மூடித்தான் எடுத்தோம். கோடி விழவில்லை. வராவிட்டால் வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், மச்சான்."

இரண்டு பக்கம். மிச்சத்தை உங்களுக்கும் சொல்லப் போவதில்லை.

"வாசிங்கக்கா," என்றான் கந்தப்பன்.

நான் வாசித்தேன்:

"'மச்சானுக்கு. உங்க தந்தி நாங்க எடுத்தப்புறம்தான் வந்துச்சு. செவ்வாய்க்கிழமை பொழுது சாயறதுக்குள்ள, இராமையா உங்க பேரச் சொல்லிக் கோடி போட்டு, நல்லபடியா எடுத்தோம். வேலாயி தூங்குற மாதிரிதான் இருந்தா. நீங்க மனசு விட வேண்டாம்.'"

கண்ணுகளா, என்னைக் கதைக்காரி என்கிறீர்கள். எங்கே படிச்சீங்க பாட்டி என்று கேட்கிறீர்கள். அதுதான் நான் கட்டின முதல் கதை. நாலு வரி. ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல், மூச்சு வாங்காமல்.

கந்தப்பன் எழுந்து நின்று வடக்கே பார்த்துக் கும்பிட்டான். பேச்சியம்மா மட்டும் குனிந்து தாளைப் பார்த்தாள்.

"இம்புட்டு எழுத்து இருக்கு. இம்புட்டுதானா சேதி?"

"மிச்சமெல்லாம் நலம் விசாரிச்சிருக்காக."

"ரெண்டு பக்கமா?"

"பேசாம இருடி," என்றான் கந்தப்பன். அன்றைக்கு அவன் சோறு இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றான் என்று அவளே பின்னால் சொன்னாள்.

(பதில் கடுதாசியும் என் கையால்தான். "இராமையாவுக்குக் கும்பிடு எழுதுங்கக்கா. எனக்காகக் கோடி போட்ட கைக்கு ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கேன்னு எழுதுங்க." நான் எழுதினது: 'மன்னித்துக்கொள்ளுங்கள். என்னை விடவில்லை.' அதற்குப் பதில் வரவில்லை. இரண்டு பக்கமும் பொய் சொல்லி நடுவே நின்றவள் நான். ஒரு பக்கத்துப் பொய் மட்டும் உண்மையாக இருந்தது.)

7

கதையை இங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியும் வைத்திருந்தேன். போன வருஷம் அது தானாக எழுந்து நடந்தது.

வேலிக்கு அந்தாண்ட விடாத கோபத்தில் கந்தப்பன் அந்த வருஷமே இந்தியப் பாஸ்போட்டுக்கு எழுதிப் போட்டிருந்தான். மனு எழுதிக் கொடுத்ததும் நான்தான், வேறு யார். அது வந்தது. கூடவே இங்கே இருக்கத் தவணை வைத்து ஒரு முத்திரை. தவணை முடிந்ததும் போ என்று கடுதாசி. இரண்டு நாள் போய்வரக் கேட்டவனுக்குக் கொடுக்க முடியாத காகிதம், திரும்பி வராமல் போ என்று சொல்லும்போது படம் ஒட்டி, அட்டை போட்டு, அழகாக வந்தது.

அறுபத்து நாலு ஆனி. ஹட்டன் ஸ்டேஷனில் தகரப் பெட்டியோடு நின்றான். அவனும் பேச்சியம்மாவும். தலைமன்னார், கப்பல், ரயில். பழைய இரண்டு நாள்தான்.

பெட்டியைத் திறந்து காட்டினான். அரக்குச் சிவப்பு. மடிப்புக் கலையாமல்.

"இராமையா போட்டது போட்டதுதான். இருந்தாலும் அவளப் பொதச்ச எடத்துல ஒரு தரம் விரிச்சுட்டு எடுத்துக்கிறேன். மொதல்ல இராமையா வீட்டுக்குத்தான் போறேன்க்கா. கால்ல விழணும்."

ஏழு வருஷமாக நான் பயந்த நிமிஷம் அது. ரயில் கொட்டகலைப் பக்கம் ஊதுவது கேட்டது.

"கந்தப்பா," என்றேன். "அந்தக் கடுதாசில—"

(மேலே நிறைய வாக்கியங்களை நான் பாதியில் விட்டிருக்கிறேன். அவை எழுதும்போது விட்டவை. இது சொல்லும்போது விட்டது.)

"என்னக்கா?"

"அந்தக் கடுதாசில இருந்த விலாசத்துல இருக்காங்களோ என்னமோ. விசாரிச்சுப் போ."

"சரிக்கா."

பேச்சியம்மா என் கையைப் பிடித்தாள். பிடித்த பிடி நாலு நாள் வலித்தது.

8

ஒரு வருஷமாகிறது. அங்கிருந்து சேதி இல்லை. அதனால் மூன்று முடிவு எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று: கந்தப்பன் போகிறபோது செல்லசாமியும் இல்லை, இராமையாவும் இல்லை. புதைத்த இடமும் உழுது கிடக்கிறது. யாரோ காட்டிய மண்ணில் சேலையை விரித்துக் கும்பிட்டுவிட்டு நிம்மதியாகப் போகிறான். (எனக்கு ரொம்ப வசதியான முடிவு. இதைச் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள்.)

இரண்டு: கந்தப்பன் இராமையாவின் காலில் விழுகிறான். இராமையா காலை இழுத்துக்கொள்கிறார். 'நான் எங்கப்பா போட்டேன்? ஒன் தந்திதான் போட விடலியே.' செல்லசாமி அந்தத் தந்தியைக் கொண்டுவந்து காட்டுகிறான். எடுக்க வேண்டாம். கந்தப்பனுக்கு அது யார் சொல் என்று நினைவு வருகிறது. எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான் என்று என்னால் எழுத முடியவில்லை. மணி கணக்கெல்லாம் எனக்கு ஒத்துவருவதில்லை.

மூன்று: அவனுக்கு அன்றைக்கே தெரியும். நான் நாலு வரி வாசித்த அன்றைக்கே, பேச்சியம்மா கேட்பதற்கு முன்பே. எழுத்துத் தெரியாதவனுக்கு முகம் வாசிக்கத் தெரியாதா? எனக்காகத்தான் கும்பிட்டான், எனக்காகத்தான் அந்த இரண்டாம் தடவைச் சோறு. ஸ்டேஷனில் சேலையைத் திறந்து காட்டியது, 'இப்பவாவது சொல்லுங்கக்கா' என்று கேட்டதுதான். நான் விலாசம் பேசினேன்.

(மூன்றாவதை எழுதிவிட்டு இரண்டு நாள் நான் பேனாவைத் தொடவில்லை.)

எது நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் என் வாயை நம்பாதீர்கள். ஆனால் இதை ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டுத் தாளில் எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். உங்களில் யாராவது ஒருநாள் அந்தப் பக்கம் போவீர்கள். நம் ஆட்களை இந்தியாவுக்கே அனுப்பிவிடுவார்கள், இப்போது இரண்டு அரசாங்கமும் பேசுகிற பேச்சு அப்படித்தான் இருக்கிறது. முசிறிப் பக்கம் கந்தப்பன் என்று ஒரு கண்டிக்காரன் இருக்கிறானா என்று கேளுங்கள். இருந்தால் இந்தத் தாள்களை அவன் எதிரே உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் அவன் உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆறாம் பகுதி வரும்போது அவன் முகத்தைப் பாருங்கள். முழுதும் வாசிக்க மனசு வந்தால் வாசியுங்கள். வராவிட்டால், அந்த இடத்தில் நீங்களே நாலு வரி கட்டிக்கொள்ளுங்கள். எவ்வளவு சுலபம் என்று அப்போது உங்களுக்குத் தெரியும். அவன் பக்கத்தில் பேச்சியம்மா இருந்தால் மட்டும், எழுத்து எவ்வளவு என்று அவள் கண்ணில் படாதபடி தாளைக் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள்.

போய் வாங்க கண்ணுகளா, இருட்டுவதற்குள் வீடு சேருங்க. உங்க வீட்டு உலை தினமும் கொதிக்கட்டும். உங்க பெண்பிள்ளைகள் நல்லா இருக்கட்டும். கூடப்பிறந்ததுகள் எல்லாம் கூப்பிட்டால் கேட்கிற தூரத்திலேயே இருக்கட்டும்.